கம்பியில் விட்ட கொழுக்கி

முதலில் என் எழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதிலும் பாதிக் காலம் பள்ளிக்கூடம் ஒரு பக்கம் இடம்பெயர, நாங்கள் இன்னொரு பக்கம் இடம்பெயர்ந்தோம். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மூட்டை பிடித்துப் பழகிய விரல்கள் பேனையைச் சுற்றி ஒழுங்காக மடங்குவதும் இல்லை. வாசிக்கிறவர்கள் பிழையைத் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். இதை வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாயால் சொல்ல முடிந்திருந்தால் எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

நான் கிளிநொச்சிப் பக்கத்தில் நெல் களஞ்சியங்கள் இருக்கும் ஒரு பெரிய வளவில் மூட்டை தூக்குகிறவன். லொறியில் வருவதை இறக்குவோம், களஞ்சியத்தில் கிடப்பதை ஏற்றுவோம். எங்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கத்தைப் பற்றிக் குறை சொல்லத்தான் போகிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சங்கம் வருவதற்கு முன்னால் முதலாளிமார் மூட்டையை வாய் வெடிக்கும் வரை நிரப்புவார்கள். தூக்க முடியாவிட்டால் வீட்டுக்குப் போ என்பார்கள். மூட்டையின் பாரத்துக்கு ஒரு எல்லை வைக்க வேண்டும் என்று சங்கம் வேலையை நிறுத்தியபோது நாங்கள் எல்லோரும் கேற்றடியில் வெயிலில் இருந்தோம். லொறி உள்ளே போகாமல் முன்னால் குறுக்கே படுத்தவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். அன்றைக்கு யாரும் எங்களைப் பார்த்து, நீங்கள் பின்னுக்கு நில்லுங்கள் என்று சொல்லவில்லை.

எங்கள் ஆட்கள் என்றால், விசுவமடுவில் பெரிய வீதியை விட்டு உள்ளே போகும் குடியேற்றத்தில் இருப்பவர்கள். எங்கள் தாய் தகப்பன்மார் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர்கள். நான் பிறந்தது வன்னியில். இடம்பெயர்ந்தது வன்னியில். கடைசிச் சண்டையில் எல்லாச் சனத்தோடும் சேர்ந்து ஓடி, எல்லாச் சனத்தோடும் சேர்ந்து செட்டிகுளத்து முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே கிடந்தேன். என்றாலும் களஞ்சியத்தில் நாங்கள் இன்னும் தோட்டக்காட்டார்தான். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகைக் காட்டினால் காதில் விழும்.

இனிக் கொழுக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூட்டையைக் குத்தித் தூக்குவதற்கு ஒவ்வொருவரிடமும் ஒரு இரும்புக் கொழுக்கி இருக்கும். பிடியைப் பார்த்தாலே யாருடையது என்று தெரியும். ஒருவர் சைக்கிள் டியூப் சுற்றியிருப்பார், ஒருவர் சிவப்புச் சீலை. என்னுடையதில் நீல நைலோன் கயிறு. சங்கக் கொட்டிலுக்கு முன்னால் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கம்பி இருக்கிறது. காலையில் வந்த ஒழுங்கில் எல்லோரும் அதில் கொழுக்கியை மாட்ட வேண்டும். லொறி வந்தால் முன்னால் தொங்கும் கொழுக்கிக்காரர் போவார்கள். வேலை முடித்து வந்து வரிசையின் கடைசியில் மாட்டுவார்கள். பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது அவரவர் கொழுக்கியைக் கழற்றிக்கொண்டு போவார்கள். இன்னொருவருடைய கொழுக்கியை யாரும் தொடக் கூடாது. அதுதான் எங்கள் வளவின் முதல் சட்டம். தொட்டால் அடிதான். குடித்துவிட்டு வருகிறவன்கூட மற்றவன் கொழுக்கியைத் தொடமாட்டான்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். முந்தி வந்தவன் முந்தி. ஆனால் களஞ்சியத்துக்குப் பக்கத்திலேயே வீடு இருக்கிறவன் விடியும்போது சாரத்தோடு வந்து கொழுக்கியை மாட்டிவிட்டுப் போய்த் தேத்தண்ணீர் குடித்து, முகம் கழுவி, ஆறுதலாகத் திரும்பி வருவான். எங்களுக்கு முதல் பஸ் வரும்போது நன்றாக விடிந்துவிடும். அதற்கு முன்னால் சைக்கிளில் வருவதென்றால் யானை. எங்கள் பாதையில் இருட்டில் யானை நிற்பது புதினமில்லை. நெல் லொறிகள் காலைக் குளிர்ச்சியில் வரும். அவற்றுக்கு முன் வரிசைக்காரர் போய்விடுவார்கள். மத்தியானம் தகரக் கூரை கொதிக்கும்போது உரமும் சீமெந்தும் வரும். அது எங்களுக்கு. யூரியா வியர்வையோடு சேர்ந்து கழுத்தில் இறங்கினால் எப்படி எரியும் என்பதை எழுத எனக்குப் படிப்புப் போதாது. பஸ்ஸில் எங்கள் ஆட்களை அடையாளம் பிடிப்பது சுலபம். சட்டைக் கழுத்துத் தோலில் படாமல் பின்னுக்கு இழுத்துவிட்டிருப்போம்.

நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வரிசை ஒவ்வொரு காலையும் புதிதாகத் தொடங்கக் கூடாது. நேற்று நின்ற இடத்திலிருந்து இன்று தொடர வேண்டும். அப்படியென்றால் உரம் ஒருநாள் எங்களுக்கு வரும், ஒருநாள் அவர்களுக்கும் வரும்.

இதை முதலில் வாய்விட்டுச் சொன்னவன் என் மனைவியின் தம்பி. என்னோடுதான் வேலை செய்கிறான். நான் களஞ்சியத்தில் வன்னிப் பேச்சும் வீட்டில் தோட்டத்துப் பேச்சும் கதைக்கிறவன். அவன் எங்கேயும் தோட்டத்துப் பேச்சுத்தான். பின்னேரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில் எங்கள் ஆட்களைச் சுற்றி நிறுத்திக் கதைப்பான்.

"இது நம்ம சங்கம். சந்தா கட்டுறோம், சாகும்போது மாலை போடுறாங்க. உசிரோட இருக்கையில ஒரு நெல்லு லொறி குடுத்தா என்னா?"

"அப்ப சங்கத்தை விட்டிட்டு வேறை ஒண்டு தொடங்குவம்" என்றார் ஒருவர்.

"விட்டுட்டு எங்க போறது? கேற்று ஒன்னுதான. உள்ளயே இருந்து கேப்போம்."

இப்படித்தான் சங்கத்துக்குள்ளே நாங்கள் ஒரு கூட்டமாக ஆனோம். பெயர் வைக்கவில்லை, கொடி பிடிக்கவில்லை. சேர்ந்து போய்க் கேட்பது, ஒருவருக்குப் பதில் கிடைக்காவிட்டால் அடுத்தவர் போய் அதையே கேட்பது. அவ்வளவுதான். அதற்கே, சங்கத்தை உடைக்கிறார்கள் என்று கதை பரவிவிட்டது.

தலைவரிடம் எல்லோரும் போனோம். தலைவர் கெட்ட மனிதர் இல்லை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். முகாமில் இரண்டு தறப்பாள் தள்ளி இருந்தவர். அங்கே தண்ணீர் பவுசர் வருவதற்காக இரவிரவாக வாளிகளை வரிசையில் வைத்துவிட்டுப் படுப்போம். வாளி நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஒரு பெடியன் என் அம்மாவின் வாளியைத் தள்ளிவிட்டுத் தன் வாளியை வைத்தபோது அவனுக்குப் பிடரியில் ஒன்று போட்டு, வாளியைத் திரும்ப அதே இடத்தில் வைத்தவர் இவர்தான். அதனால் அவர் எனக்கு எப்போதும் அண்ணைதான்.

அன்று அவருக்குப் பக்கத்தில் செயலாளர் இருந்தார். இளம் ஆள், நன்றாகக் கதைப்பார்.

"நேரத்துக்கு எழும்பி வாங்கோவன். ஆர் மறிச்சது?" என்றார் செயலாளர்.

"யானைகிட்ட ஒரு பாஸ் எடுத்துக் குடுங்க, வெள்ளனயே வர்றோம்" என்றான் மச்சான்.

வன்னியில் பாஸ் என்றால், சண்டைக் காலத்தில் வெளியே போக வரிசையில் நின்று எடுத்த பாஸ்தான் எல்லோருக்கும் நினைவு வரும். தலைவரே சிரித்துவிட்டார். செயலாளர் சிரிக்கவில்லை.

"இது தோட்டமில்லை, பேர் கூப்பிட்டு வேலை பிரிச்சுத் தர. இஞ்சை பிரட்டு இல்லை."

பிரட்டு என்றால் தோட்டத்தில் விடியக் கூலிகளை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம். மச்சான் ஒரு அடி முன்னால் வைத்தான். நான் அவனுடைய சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டேன். தலைவர் கையைத் தூக்கி, "தம்பியவை, அடுத்த கமிட்டிக் கூட்டத்திலை பாப்பம்" என்றார்.

கமிட்டியில் எங்கள் ஆள் ஒருவரும் இல்லை. அப்படியென்றால் கமிட்டியில் எங்களுக்கு ஒரு இடம் தாருங்கள் என்று கேட்டோம். அதற்கும் அடுத்த கூட்டம். அதற்கு அடுத்த கூட்டத்தில் தலைவர் எழும்பி, விசுவமடுப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு இடம் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறோம் என்று சொல்லி, என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் ஆட்களும் தட்டினார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மேலே கூரையைப் பார்த்தேன்.

பஸ் தரிப்பில் மச்சான் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பஸ் வரும் நேரத்தில் சொன்னான்.

"என்னைய ஏன் போடல, ஒன்னைய ஏன் போட்டாங்கன்னு வெளங்குதா மச்சான்?"

"விளங்குது."

"நீ வாய தொறக்க மாட்ட. அதான்."

அவனுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் என்னைப் பார்த்தால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கலியாணத்தில் தாலி கட்டும்போதுகூட ஐயர் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற சித்தப்பாதான் சொன்னார். அப்படிப்பட்ட ஒருவனைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள்.

கமிட்டிக் கூட்டம் கொட்டிலின் உள்ளறையில் நடக்கும். எனக்கு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. தேத்தண்ணீர் தருவார்கள். ஒவ்வொரு முறையும் வீட்டில் இருந்து சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் போவேன். என் முறை வரும்போது செயலாளர், "தம்பிக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார். அந்தத் "தானே" முடிவதற்குள் வாய் திறக்க எனக்குத் தெரியவில்லை. ஒருமுறை கொழுக்கி வரிசை என்று தொடங்கினேன். "அது பொதுக்கூட்டத்திலை எடுக்க வேண்டிய விசயம்" என்றார். பொதுக்கூட்டம் எப்போது என்று கேட்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

இதில் பெரிய எரிச்சல் என்னவென்றால், எங்கள் ஆட்கள் யாராவது போய்க் கேட்டால் இப்போது பதில் தயாராக இருந்தது. "உங்கடை ஆள் கமிட்டியிலை இருக்கிறார்தானே. அவர் ஒண்டும் சொல்லேல்லையே." என்னை வைத்தே எங்கள் ஆட்களின் வாயை மூடினார்கள். கதிரை கிடைக்காமல் இருந்திருந்தாலே பரவாயில்லை என்று தோன்றியது.

அதன் பிறகு நடந்தது நான் யோசித்துச் செய்தது இல்லை. மாரி மழைக்கு விதைத்த காலபோக நெல்லை வெட்டும் நேரம். ஒருநாள் பின்னேரம் உரம் இறக்கி முடித்து, கொழுக்கியைக் கம்பியில் மாட்டிவிட்டுக் கழுத்தைக் கழுவப் போனேன். பஸ்ஸின் ஹோன் கேட்டது. அதை விட்டால் அடுத்ததில்லை. அப்படியே ஓடினேன். பாதி வழியில்தான் கொழுக்கியை விட்டுவிட்டு வந்தது நினைவு வந்தது.

அடுத்த நாள் வழக்கம் போலப் பிந்தித்தான் போனேன். கம்பியில் நீலக் கயிறு சுற்றிய என் கொழுக்கி முதலாவதாகத் தொங்கியது. விடியற்காலையில் வந்தவர்கள் எல்லோரும் அதற்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். மற்றவன் கொழுக்கியைத் தொடக் கூடாதே. நெல் லொறி வந்தது. முன்னால் தொங்கும் கொழுக்கிக்காரன் நான்.  கொழுக்கியை எடுத்துக்கொண்டு போனேன். காலை வெயிலில் நெல் மூட்டை தூக்குவது எவ்வளவு சுகமான வேலை என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

சாக்குத் தைக்கும் அக்கா ஒருவர் களஞ்சிய வாசலில் இருந்து இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். களஞ்சியத்துக்குப் பின்னால் வீடு. கிழிந்த சாக்குத் தைப்பதும் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளுவதும் அவரும் இன்னும் சில பெண்களும். எங்களுக்கு எல்லாம் முன்னால் வளவுக்குள் வருகிறவர் அவர்.

"என்ன தம்பி, ராத்திரி இஞ்சையே படுத்தனியோ?"

"இல்லையக்கா, கொழுக்கிதான் படுத்தது."

என் வாயிலிருந்து எப்போதாவது ஒரு பகிடி வருவது அப்படித்தான், ஒருவர் மட்டும் நிற்கும்போது.

மச்சானுக்கு இது போதும். அன்று பின்னேரம் எங்கள் ஆட்கள் எல்லோரும் கொழுக்கியைக் கம்பியிலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினார்கள். நாங்கள் ஒரு சட்டத்தையும் மீறவில்லை. இரவில் எடுத்துப்போக வேண்டும் என்று எங்கும் இல்லை, இரும்பு களவு போகும் என்று எடுத்துப்போகிற பழக்கம், அவ்வளவுதான். நேற்று நின்ற இடத்திலிருந்து வரிசை தானாகவே தொடர்ந்தது. நெல் எங்களுக்கும் வந்தது. உரம் அவர்களுக்கும் போனது. களஞ்சியத்துக்குக் கிட்ட இருக்கும் டவுன் ஆட்களில் இரண்டொருவர், "இதுவும் நல்லதுதான், விடிய எழும்பத் தேவையில்லை" என்று தங்கள் கொழுக்கிகளையும் விட்டுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். அதைப் பார்த்தபோது, பேசாமலே வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு காலை நாங்கள் போனபோது கம்பியில் அன்று வந்தவர்களின் கொழுக்கிகள் மட்டும் தொங்கின. எங்களுடையவை எல்லாம் ஒரு உரச் சாக்குக்குள் போட்டுக் கொட்டில் மூலையில் கிடந்தன.

மச்சான் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினான். "எவன்டா தொட்டது?" என்று வளவு அதிரக் கத்தினான். விடிய வந்தவர்கள் கம்பியில் தங்கள் கொழுக்கிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் முகம் சரியில்லை. எங்களோடு முறைத்துக்கொள்கிறவர்களுக்குக்கூடக் கொழுக்கியைத் தொட்டது பிடிக்கவில்லை. தலைவர் வந்து, "ஆர் தொட்டது எண்டது இப்ப முக்கியமில்லை. சண்டை வேண்டாம். கமிட்டி கூடும்" என்றார்.

மத்தியானம் சாப்பிடும்போது அக்கா என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நான் கண்டனான் தம்பி."

"ஆரக்கா?"

"உங்கடை அண்ணைதான், தலைவர். விடியமுன்னம் வந்தவர். ஒவ்வொண்டாக் கழட்டிச் சாக்குக்கை வைச்சவர். எறியேல்லை, மெல்லமாத்தான் வைச்சவர்."

சோற்றுப் பார்சலை மடித்து வைத்தேன். "கூட்டத்திலை வந்து சொல்லுவியளோ?" என்று கேட்டேன்.

அக்கா சிரித்தார். "என்னை ஆர் உள்ளுக்கு விடுவினம்? நாங்கள் சங்கத்திலை இல்லையே. உங்களுக்கெண்டாலும் வாசலடியிலை ஒரு கதிரை இருக்கு. எங்களுக்கும் ஒண்டு கேளன் தம்பி, கேக்கிற ஆக்கள்தானே நீங்கள்."

இதை மச்சானிடம் சொன்னேன். "பொம்பளைங்க விசயமா? அத பொறகு பாப்போம் மச்சான்" என்றான். அந்த "பிறகு பார்ப்போம்" என் காதில் பழக்கமான சத்தமாக விழுந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் கொஞ்சம் பிந்தி விளங்கியிருக்க வேண்டும், தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, அதையும் சேத்துக் கேளு" என்றான்.

கமிட்டி கூடுவதற்கு முன்னால் தலைவர் தனியாக நின்ற இடத்துக்குப் போனேன். ஒருவரோடு என்றால் எனக்குக் கதைக்க வரும்.

"அண்ணை, முகாமிலை வாளியளை ஆர் காத்தது?"

அவர் என்னைப் பார்த்தார். அக்கா சொல்லிவிட்டார் என்பது அவருக்கு விளங்கியது.

"டவுன் பெடியள் கழட்டி எறிய நிண்டவங்கள் தம்பி. நீங்கள் வந்து பாத்திருந்தால் கொழுக்கியாலை குத்துப்பட்டிருப்பியள். அதுதான் நானே எடுத்தனான்."

"அவங்களுக்கெல்லோ சொல்லியிருக்க வேணும், தொடாதையுங்கோ எண்டு. அண்டைக்கு அந்தப் பெடியனுக்குச் சொன்ன மாதிரி."

"அது வேறை காலம்" என்றார். பிறகு, "எனக்கும் வோட்டு வேணுமே தம்பி" என்றார். அதைச் சொன்னபோது அவருடைய குரல் சரியான சின்னதாக இருந்தது. அவர் சொன்னது பொய் இல்லை. சண்டை வந்துதான் இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். முழுக்க முழுக்கக் கெட்டவர் என்றால் கோபிப்பது சுலபம்.

கூட்டத்தில் செயலாளர் வாசித்தார்: இனிமேல் வேலை முடிந்ததும் கம்பி வெறுமையாக்கப்பட வேண்டும், ஒருவரும் கொழுக்கியை இரவில் விட்டுப்போகக் கூடாது. ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். கைகள் எழும்பின. அவர் எண்ணாமலே, "ஏகமனதாக" என்று சொல்லிக்கொண்டு எழுதக் குனிந்தார்.

"நான் கை தூக்கேல்லை."

என் குரல்தான். எனக்கே அது யாரோ பின்னால் நின்று சொன்ன மாதிரி இருந்தது.

"ஏன் தம்பி, கை நோகுதோ?" என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள்.

"கை நோகேல்லை. கழுத்துத்தான் நோகுது. நான் கை தூக்கேல்லை எண்டு எழுதுங்கோ."

சிரிப்பு நின்றது. செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, "எழுதும்" என்றார். பெண்களைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன். வசனம் நடுவில் உடைந்துவிட்டது, ஆனால் சொன்னேன். அதையும் கொழுக்கி வரிசையையும் சித்திரைக்குப் பிறகு பொதுக்கூட்டத்தில் எடுப்போம் என்றார்கள். அதுவரை புதிய சட்டம்தான்.

வெளியே வந்து மச்சானிடம் சொன்னபோது அவன் சந்தோசப்படவில்லை. "ஒரு கை கொறஞ்சுது. சட்டம் வந்துருச்சே" என்றான். உண்மைதான்.

சித்திரை போய்விட்டது. பொதுக்கூட்டம் எப்போது என்று கேட்டால் முதலில் வருடப்பிறப்பு லீவு என்றார்கள். பிறகு கோயில் திருவிழா என்றார்கள். பிறகு மண்டபம் கிடைக்கவில்லை என்றார்கள். இப்போது சிறுபோக உரம் வருகிறது. நாங்கள் காலையில் கடைசியில் மாட்டி, மத்தியானம் யூரியா இறக்கி, பின்னேரம் கொழுக்கியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறோம். மச்சான் வேறு சங்கம் தொடங்கலாம் என்று கதைக்கத் தொடங்கிவிட்டான். முன்பு உள்ளேயே இருந்து கேட்போம் என்று சொன்னவன் அவன்தான். அவனை மறிக்க என்னிடம் காரணம் குறைந்துகொண்டே வருகிறது. கேற்றடியில் எல்லோரும் சேர்ந்து படுத்த அந்த நாள் மட்டும்தான் கையில் இருக்கிறது.

பொதுக்கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். அவ்வளவு சனத்துக்கு முன்னால் எனக்கு ஏலாது. எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள் என்றேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பேனையை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். கூட்டமே இல்லாதபோது யாருக்கு எழுதுவது என்ற வெறுப்பு.

ஆனால் நேற்றுப் பின்னேரம் பஸ் ஹோன் அடித்தபோது நான் கழுவி முடித்து நேரத்தோடுதான் நின்றேன். கம்பிக்குக் கிட்டப் போனேன். கொழுக்கியைக் கழற்றவில்லை. சாக்குகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா கண்டுவிட்டார்.

"தம்பி, சட்டம் போட்டிருக்கெல்லோ?"

"ஓமக்கா. நான் கை தூக்காத சட்டம்."

"போ போ, பஸ்ஸை விடாதை. திங்கள் விடிய நான்தான் முதல் வருவன். ஆர் தொட்டாலும் ஊர் கேக்கக் கத்துவன். நான் சங்கத்திலை இல்லைத்தானே, உங்கடை சட்டம் எனக்கில்லை."

பஸ்ஸில் மச்சான் என்னுடைய வெறும் பையைத் தொட்டுப் பார்த்தான். "எனக்கும் சொல்லியிருக்கலாமே" என்றான்.

இன்று களஞ்சியம் பூட்டு. நீலக் கயிறு சுற்றிய கொழுக்கி அந்தக் கம்பியில் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். நாளைக்கு முதல் பஸ்ஸில் போய் இறங்கும்போது அது அங்கே இருக்குமா, சாக்குக்குள் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் அதை எடுத்துத் திரும்பக் கம்பியில் மாட்டுவேன் என்பது மட்டும் தெரியும். அதற்குப் பிறகு என்னைச் சங்கத்தில் வைத்திருப்பார்களோ தெரியாது, அதனால் போவதற்கு முன்னால் இதை எழுதி முடித்துவிட்டேன்.

விசுவமடு
2024 ஆனி 9, ஞாயிற்றுக்கிழமை